பணம் இருந்தால் மாடு: இத்தாலிய மொழியின் மூன்று ‘இருந்தால்’

இத்தாலிய மொழியில் ‘பணம் இருந்தால்’ என்பதற்கு ஒரே சொல் கிடையாது. பணம் கையில் இருக்கக்கூடும் என்றால் ஒரு வடிவம், இல்லாத பணத்தை இருப்பதாக நினைத்துப் பார்த்தால் இன்னொரு வடிவம், அன்றைக்கு இல்லாமல் போன பணத்தைப் பற்றிப் பேசினால் மூன்றாவது வடிவம். மூன்றில் எது என்பதை வினைச்சொல்லே காட்டிக்கொடுத்துவிடும்.

தமிழ் அப்படி வற்புறுத்துவதில்லை. தருமபுரி மாவட்டத்துக் காரிமங்கலம் சந்தையில் ஒருவர் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “பணம் இருந்தா புடிச்சிக்கிட்டுப் போயிடலாம்” என்கிறார். அவர் மடியில் பணம் இருக்கிறதா, சும்மா ஆசைக்குச் சொல்கிறாரா என்பது வாக்கியத்தில் இல்லை. குரலில் இருக்கிறது, முகத்தில் இருக்கிறது, பக்கத்தில் நிற்கும் தரகர் அவரைக் கவனிக்கிறாரா கண்டுகொள்ளாமல் நகர்கிறாரா என்பதில் இருக்கிறது. இத்தாலிய மொழிக்கு மாற்றும்போது மட்டும் இந்த ரகசியத்தைக் காப்பாற்ற முடியாது.

மூன்று வடிவங்களையும் ஒரே மாட்டைக் கொண்டு பார்க்கலாம். பணம் ‘சோல்தி’, பசு ‘மூக்கா’. தமிழ்க் காதுக்கு மூக்கணாங்கயிறு நினைவுக்கு வரும். ஆனால் இரண்டுக்கும் உறவில்லை. முதல் வடிவம்: “செ ஓ இ சோல்தி, கோம்ப்ரோ லா மூக்கா.” ‘செ’ என்பதுதான் நிபந்தனைச் சொல். ‘ஓ’ என்றால் என்னிடம் இருக்கிறது, ‘கோம்ப்ரோ’ என்றால் வாங்குகிறேன். இரண்டு வினையும் சாதாரண நிகழ்காலம். பணம் இருந்தால் வாங்குவது உறுதி. பேரம் பேசலாம், தரகர் பக்கத்தில் வரலாம். எதிர்காலத்தைத் தெளிவாகக் காட்ட வேண்டுமானால் இரண்டு வினையையும் எதிர்காலத்தில் வைப்பார்கள்: “செ அவ்ரோ இ சோல்தி, கொம்ப்ரெரோ லா மூக்கா.”

இரண்டாவது: “செ அவெஸ்ஸி இ சோல்தி, கொம்ப்ரெரெய் லா மூக்கா.” பணம் இப்போது இல்லை, அல்லது வருவது சந்தேகம், இருந்தால் வாங்குவேன், அவ்வளவுதான். மூன்றாவது: “செ அவெஸ்ஸி அவூத்தோ இ சோல்தி, அவ்ரெய் கொம்ப்ராத்தோ லா மூக்கா.” அன்றைக்குப் பணம் இருந்திருந்தால் வாங்கியிருப்பேன். மாடு வேறொருவர் தொழுவத்துக்குப் போய்விட்டது.

மூன்றாவது வடிவம் தமிழருக்குச் சிரமம் தராது. ‘இருந்திருந்தால்’, ‘வாங்கியிருப்பேன்’ என்று தமிழும் இரண்டு பக்கமும் ‘இரு’ என்னும் வினையைச் சேர்த்தே இந்தப் பொருளைச் சொல்கிறது. இத்தாலியம் அதே இடத்தில் ‘வைத்திரு’ என்று பொருள்படும் ‘அவேரே’ வினையைச் சேர்க்கிறது. கட்டுமானம் ஏறக்குறைய ஒன்று. தமிழர் தடுமாறுவது முதல் இரண்டுக்கும் நடுவில்தான். தமிழில் இரண்டுக்குமே ‘இருந்தால் வாங்குவேன்’ போதும் என்பதால், புதிதாகப் படிப்பவர் எல்லாவற்றையும் முதல் வடிவத்திலேயே சொல்லிவிடுவார். கேட்கிற இத்தாலியர் அவரை நிஜமாகவே வாங்க வந்தவர் என்று எடுத்துக்கொள்வார்.

இரண்டாவது வடிவத்தின் உட்புறத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் பயம் தெளியும். ‘செ’ பக்கத்தில் வருவது கொஞ்சுந்தீவோ என்னும் வினைவடிவின் இறந்தகாலம்: அவெஸ்ஸி, அவெஸ்ஸி, அவெஸ்ஸெ, அவெஸ்ஸிமோ, அவெஸ்தெ, அவெஸ்ஸெரோ. நான், நீ, அவர், நாம், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில் இவை வருகின்றன. மறுபக்கத்தில் வருவது கொந்திசியொனாலே என்னும் இன்னொரு வினைவடிவு. அதன் விகுதிகள் ரெய், ரெஸ்தி, ரெப்பெ, ரெம்மோ, ரெஸ்தெ, ரெப்பெரோ. நடக்கப்போவதில்லை என்று தெரிந்தும் எதற்கு இறந்தகால வடிவம் என்ற கேள்வி வகுப்பில் எழும். அதற்கான விடை தமிழிலேயே கிடக்கிறது.

‘வந்தால்’ என்பது வந்த் + ஆல். ‘போனால்’, ‘செய்தால்’, ‘விற்றால்’ எல்லாமே இறந்தகால அடியில் ‘ஆல்’ ஒட்டிப் பிறந்தவை. “நாளைக்கு மழை பெய்தால்” என்னும்போது நாளைய மழைக்கு நேற்றைய வினையடியைத்தான் தமிழ் போட்டிருக்கிறது. யாரும் அதைக் கவனிப்பதில்லை. இன்னும் பழைய வடிவம் ‘செயின்’. நன்னூல் வினையெச்ச வாய்பாடுகளில் இதையும் அடுக்குகிறது. பேச்சில் வழக்கொழிந்தாலும் ‘தேவைப்படின்’, ‘தவறின்’ என்று அரசாங்கக் கடிதங்களிலும் கடன் பத்திரங்களிலும் அது இன்னும் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறது.

தருமபுரி மாவட்டத்துக்காரருக்கு இதில் இன்னொரு வசதி. பல ஊர்களில் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கேட்கும். தமிழ் ‘வந்தால்’ தெலுங்கில் ‘வஸ்தே’, கன்னடத்தில் ‘பந்தரெ’. மூன்றிலும் நிபந்தனை வினையின் வாலில் இருக்கிறது. இத்தாலியத்தில் அது ‘செ’ என்று தலைக்கு வந்துவிடுகிறது. அதாவது வாக்கியம் தொடங்கும்போதே, இது நிபந்தனை என்று அறிவிப்பு வந்துவிடும். மூன்று வால்களுக்குப் பழகியவருக்கு ஒரு தலையைப் பழகுவது பெரிய வேலையல்ல.

எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. ‘செ’ பக்கத்திலும் ‘ரெய்’ விகுதியைப் போட்டு “செ அவ்ரெய் இ சோல்தி” என்பது. இத்தாலியப் பிள்ளைகளே பள்ளியில் இதற்குத் திட்டு வாங்குவார்கள். தமிழில் ‘வாங்குவேனால்’ என்று ஒரு வடிவம் இருக்க முடியாதது போலவே இதுவும். ‘ஆல்’ எதிர்கால அடியில் ஒட்டாது; ‘செ’ நிபந்தனையில் ‘ரெய்’ நிற்காது. எதிர்காலத்தை விடாப்பிடியாக வைத்துக்கொள்ள வேண்டுமானால் தமிழர் ‘வாங்குவேன் என்றால்’, பேச்சில் ‘வாங்குவேன்னா’ என்று சுற்றிக்கொண்டு போவார்.

மூன்றாம் வடிவத்துக்குத் தெருவில் ஒரு குறுக்குவழி உண்டு: “செ அவேவோ இ சோல்தி, கொம்ப்ராவோ லா மூக்கா.” இரண்டு பக்கமும் தொடர் இறந்தகாலம், வேலை முடிந்தது. வீட்டிலும் கடைவீதியிலும் இதைத் தாராளமாகப் பேசுகிறார்கள்; தேர்வுத்தாளில் எழுதினால் மதிப்பெண் போகும். பேச்சுத்தமிழுக்கும் எழுத்துத்தமிழுக்கும் நடுவே வாழ்ந்து பழகியவருக்கு இந்த இரட்டை வாழ்க்கை புதிதில்லை.

இந்த இலக்கணப் பயணம் எதிர்த்திசையில் நடந்து முந்நூறு ஆண்டுகள் ஆகின்றன. 1680இல் இத்தாலியின் மாந்தோவாப் பகுதியில் காஸ்திலியோனே தெல்லெ ஸ்திவியெரே என்னும் ஊரில் பிறந்த கொஸ்தான்சோ பெஸ்கி, தமிழ்நாட்டுக்கு வந்து வீரமாமுனிவர் ஆனார். செந்தமிழுக்குத் தொன்னூல் விளக்கம் எழுதியவர், பேச்சுத்தமிழுக்கு லத்தீனில் தனியாக ஓர் இலக்கணம் எழுதினார். பிற நாட்டிலிருந்து வரும் பாதிரிமார் ஊர்மக்களோடு பேச வேண்டுமே என்பதற்காக எழுதிய நூல் அது. 1738இல் அதை அச்சிட்டது தரங்கம்பாடியில் இருந்த லுத்தரன் சபை அச்சகம். பெஸ்கி கத்தோலிக்கர், அந்தச் சபையைக் கண்டித்து நூல் எழுதியவர். இலக்கணத்தின் தேவை பகையையும் தாண்டியது போலும்.

ஒலியில் தமிழருக்கு ஓர் ஆதாயம் உண்டு. “வாங்குவோம்” என்பதற்கு இத்தாலியம் ‘கொம்ப்ரெரேமோ’. “பணம் இருந்தால் வாங்குவோமே” என்ற கற்பனைக்கு ‘கொம்ப்ரெரெம்மோ’. வேறுபாடு ஒரே ஒரு மகர இரட்டிப்பு. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இதைக் கேட்டே கண்டுபிடிக்கத் திணறுவார்கள். படு வேறு, பட்டு வேறு. கதி வேறு, கத்தி வேறு என்று தாய்ப்பாலோடு கற்ற காதுக்கு அந்த இரட்டிப்பு தெளிவாகவே விழும். இத்தாலியத் தகரமும் தமிழ்த் தகரம் போலப் பல்லில் பிறப்பது; ஆங்கிலத்தைப் பின்பற்றி டகரம் ஆக்கத் தேவையில்லை.

இனிப் பணச் சொற்கள். ‘சோல்தி’யின் மூலம் ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் நான்காம் நூற்றாண்டில் வெளியிட்ட சொலிதுஸ் என்னும் தங்கக் காசு. எழுத்து நடையில் பணத்துக்கு ‘தெனாரோ’. இது ரோமர்களின் வெள்ளிக் காசான தெனாரியுஸின் பேரன். இந்த வெள்ளிக் காசுகள் தமிழகத்துக்குப் புதியவை அல்ல. கொங்கு நாட்டில் உழுதபோதும் தோண்டியபோதும் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. மூன்றாவதாக ‘பெகூனியா’ என்று ஒரு பழைய சொல், லத்தீனில் கால்நடையைக் குறிக்கும் பெகுஸ் என்பதிலிருந்து வந்தது. திருக்குறளிலும் ‘மாடு’ செல்வத்தைக் குறித்து வருகிறது. பென்னாகரம் பக்கத்து ஆலம்பாடி மாட்டை வைத்திருப்பவருக்கு இந்த ஒற்றுமையை விளக்கவே வேண்டாம்.

‘பணம்’ என்ற சொல்லும் எல்லை தாண்டினால் உருமாறுகிறது. கன்னடத்தில் அது ‘ஹண’. பழைய பகரம் கன்னடத்தில் ஹகரமானதால் வந்த மாற்றம். தருமபுரிக்காரர் கண்முன்னே இதற்குச் சான்று கொட்டிக்கொண்டிருக்கிறது: புகை கன்னடத்தில் ‘ஹொகெ’, அதனால்தான் புகையும் கல் ஒகேனக்கல் ஆனது. ‘துட்டு’ டச்சுக்காரர்களின் டொய்ட் என்னும் செப்புக் காசு விட்டுச்சென்ற பெயர். ‘காசு’ போர்த்துக்கீசியர் வாய்வழியாக ஆங்கிலத்துக்குப் போய்ச் சிறு நாணயத்தின் பெயராயிற்று. ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ மட்டும் வேறு பிறவி. பணப்பெட்டியைக் குறிக்கும் இத்தாலியக் ‘காஸ்ஸா’வின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. ஒலி ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்று என்று நினைப்பவர்கள் ஏராளம்.

‘காஸ்ஸா’வை அன்றாடம் பார்க்க நேரும். இத்தாலியக் காபிக் கடைகள் பலவற்றில் முதலில் காஸ்ஸாவில் பணம் கட்டி, ‘ஸ்கொன்த்ரீனோ’ என்னும் ரசீதை வாங்கி, அதைக் காபி போடுபவரிடம் காட்ட வேண்டும். நம்மூரில் டோக்கன் வாங்கிக்கொண்டு டீ மாஸ்டரிடம் போவதேதான். ரொக்கம் ‘கொன்த்தான்த்தி’, எண்ணுவது என்ற சொல்லிலிருந்து வந்தது. சில்லறைக் காசு ‘ஸ்பிச்சொலி’. கடைக்காரர் திருப்பித் தரும் மீதி ‘ரெஸ்தோ’.

இங்கே ஒரு கண்ணி. தமிழில் ‘பாக்கி’ என்ற ஒரே சொல் இரண்டு திசையிலும் ஓடும். “பாக்கி குடுங்க” என்றால் கடைக்காரர் தர வேண்டிய மீதி. “உங்க கணக்குல பாக்கி இருக்கு” என்றால் வாடிக்கையாளர் தர வேண்டிய கடன். இத்தாலியத்தில் முன்னது ரெஸ்தோ, பின்னது ‘தேபித்தோ’. முன்பணம் போக மிச்சம் கட்ட வேண்டியது ‘சால்தோ’. அதன் பன்மை ‘சால்தி’ என்றால் வேறு கதை: நம் ஆடித் தள்ளுபடி மாதிரி, ஆண்டுக்கு இருமுறை, குளிர்காலத்திலும் கோடையிலும் வரும் மலிவு விற்பனை.

கடன் பேச்சில் இரு மொழிகளும் நெருங்கிய சொந்தம். கடன் ‘ப்ரெஸ்தித்தோ’. தமிழில் கடன் கொடு, கடன் வாங்கு என்று வினையை மட்டும் மாற்றுவது போலவே அவர்களும் ‘தாரே இன் ப்ரெஸ்தித்தோ’, ‘ப்ரெந்தெரே இன் ப்ரெஸ்தித்தோ’ என்கிறார்கள். தவணை ‘ராத்தா’, வட்டி ‘இன்த்தெரெஸ்ஸெ’. வட்டி வீதத்தில் மட்டும் கவனம் தேவை. “நூத்துக்கு ரெண்டு” என்றால் கிராமத்தில் மாதத்துக்கு இரண்டு, ஆண்டுக்கு இருபத்து நான்கு. இத்தாலிய வங்கியில் இரண்டு சதவீதம் என்றால் ஆண்டுக்குத்தான். மாதக் கணக்கைச் சொல்வதானால் ‘அல் மேஸெ’ என்று சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் கேட்பவர் இவரைப் பெரிய தர்மவான் என்று நினைத்துக்கொள்வார்.

கந்துவட்டிக்காரருக்கு இத்தாலியப் பெயர் ‘ஸ்த்ரொத்ஸீனோ’, அதாவது கழுத்தை நெரிப்பவர். தமிழர்களும் வட்டி கழுத்தை நெரிக்கிறது என்றுதான் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் அதீத வட்டியைத் தடுக்க 2003இல் சட்டம் வந்தது. இத்தாலியில் கந்துவட்டிக்கு மாற்றாக பிரான்சிஸ்கன் துறவிகள் 15ஆம் நூற்றாண்டிலேயே ஏழைகளுக்கான அடகுக் கடைகளைத் திறந்தார்கள். பெரூஜா நகரில் 1462இல் தொடங்கிய ‘மோன்தே தி பியெத்தா’ அவற்றில் முன்னோடி. அடகு ‘பேஞ்ஞோ’. கைமாத்துக்கு மட்டும் சரியான ஒற்றைச் சொல் கிடைப்பதில்லை. வட்டியில்லாமல் நாலு நாளைக்குக் கடன் என்று நீட்டித்தான் சொல்ல வேண்டும். சீட்டு, மொய் இரண்டும் அப்படியே. பதிலுக்கு அவர்களிடம் ‘கொபேர்த்தோ’ இருக்கிறது: உணவகத்தில் உட்கார்ந்ததற்கும் ரொட்டி வைத்ததற்கும் தலைக்கு இவ்வளவு என்று பில்லில் ஏறும் தொகை. இலை போட்டதற்கே காசு என்றால் நம்மூர் ஓட்டலில் சண்டை வந்திருக்கும்.

பணமும் நிபந்தனையும் ஒன்றாகக் கைகோக்கும் இடம் அச்சாரம். இத்தாலியத்தில் ‘கபார்ரா’. சாலையோரப் புளியமரங்களின் மகசூலை ஏலம் எடுப்பது, மாந்தோப்பைக் குத்தகைக்குப் பேசுவது, நிலத்துக்குக் கிரய ஒப்பந்தம் போடுவது என்று தருமபுரி வட்டாரத்தில் அச்சாரம் இல்லாமல் எதுவும் உறுதியாவதில்லை. கொடுத்தவர் பின்வாங்கினால் அச்சாரம் போச்சு என்பது ஊர் வழக்கு. இத்தாலியச் சிவில் சட்டத் தொகுப்பின் 1385ஆம் பிரிவு இதையே எழுதி வைத்திருக்கிறது: கொடுத்தவர் தவறினால் வாங்கியவர் அதை வைத்துக்கொள்ளலாம், வாங்கியவர் தவறினால் கொடுத்தவர் இரண்டு மடங்கு கேட்கலாம். “செ இல் கொம்ப்ரத்தோரே நொன் பாகா, பெர்தெ லா கபார்ரா”: வாங்குபவர் பணம் கட்டாவிட்டால் அச்சாரத்தை இழக்கிறார். முதல் வடிவம், சாதாரண நிகழ்காலம். கற்பனைக்கு இங்கே இடமில்லை. ஒப்பந்தத்தில் யாரும் ‘அவெஸ்ஸி’ என்று பேசுவதில்லை.

ஏலத்துக்கு இத்தாலியம் ‘ஆஸ்தா’. பொருள் ஈட்டி. ரோமர்கள் பொது ஏலம் விடும் இடத்தில் ஈட்டியை நட்டு வைத்ததிலிருந்து வந்த பெயர். தருமபுரியில் பட்டு வளர்ச்சித் துறை நடத்தும் பட்டுக்கூடு அங்காடியிலும் அன்றாடம் ஆஸ்தாதான். தட்டுகளில் பரப்பிய மஞ்சளும் வெள்ளையுமான கூடுகளைக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்து வியாபாரிகள் விலை கேட்கிறார்கள். கூடு ‘போத்ஸொலோ’, பட்டு ‘சேத்தா’. ஒரு காலத்தில் வட இத்தாலிய உழவர் வீடுகளிலும் புழு வளர்த்தார்கள். இன்று கோமோ நகரத்துத் தறிகள் பெரும்பாலும் வெளிநாட்டு நூலை நம்பியிருக்கின்றன. ஏலம் முடிந்தபின் உழவர்கள் பேசும் பேச்சு எல்லா நாட்டிலும் மூன்றாம் வடிவத்தில்தான் இருக்கும்: நேற்றே கொண்டுவந்திருந்தால் கூடுதலாகப் போயிருக்கும்.

கடைவீதியில் ‘ரெய்’ விகுதிக்கு வேறொரு வேலை உண்டு. எதையாவது கேட்கும்போது ‘வோல்யோ’, அதாவது ‘எனக்கு வேணும்’ என்றால் முரட்டுத்தனம். ‘வொர்ரெய்’ என்றால் மரியாதை: “வொர்ரெய் ஊன் கீலோ தி பொமொதோரி.” ஒரு கிலோ தக்காளி வேண்டும். பாலக்கோடு சந்தையில் கூடை கூடையாக இறங்கும் தக்காளிக்கு அங்கே பெயர் ‘தங்க ஆப்பிள்’. விலை ஏறிய மாதத்தில் பொருத்தமாகவும் இருக்கும். விலை குறைக்கக் கேட்பதும் இந்த வடிவத்தில்தான்: “போத்ரெப்பெ ஃபார்மி ஊனோ ஸ்கோன்த்தோ?” தமிழர் இதே பணிவை ‘ஆல்’ போட்டுச் சாதிக்கிறார்: “கொஞ்சம் கொறச்சுக் குடுத்தீங்கன்னா நல்லா இருக்கும்ணே.” நிபந்தனை என்ற பெயரில் வேண்டுகோள். எல்லாம் எடுத்து முடித்தபின் “எவ்வளவு ஆச்சு?” என்பதற்கு “குவான்தே?” போதும்.

எண்களில் புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறும். 2,50 என்றால் இரண்டு எவுரோ ஐம்பது செந்தேசிமி. 1.500 என்றால் ஆயிரத்து ஐந்நூறு. ஒன்றரை என்று படித்தால் ஆபத்து. ‘எவுரோ’ பன்மையிலும் மாறாது. 2002 ஜனவரி 1 முதல் எவுரோ நோட்டுகள் வந்தன. அதற்கு முந்தைய லீராவில் 1,936.27 சேர்ந்தால்தான் ஒரு எவுரோ. லீரா போய்விட்டது, பேச்சிலிருந்து போகவில்லை. கையில் காசில்லை என்பதற்கு இன்றும் “நொன் ஓ ஊனா லீரா” என்கிறார்கள். 1957இல் தசம நாணயம் வந்து அணாக்கள் மறைந்த பின்னும் “காலணாவுக்குப் பிரயோஜனமில்லை” என்று நாம் சொல்வதில்லையா, அதே கதை.

இத்தாலியம் படிக்கும் தமிழர்களில் பலர் பல்கலைக்கழகங்களுக்குப் போகும் மாணவர்களும், சிசிலித் தீவின் பலெர்மோவில் பல்லாண்டுகளாகக் குடியிருக்கும் ஈழத் தமிழர்கள் போன்றவர்களும். நீண்டகால வசிப்பு அனுமதிக்கு ஏ2 நிலை, குடியுரிமைக்கு 2018 முதல் பி1 நிலை என்று தேர்வுச் சான்று கேட்கிறார்கள். சியேனா, பெரூஜா நகரங்களில் உள்ள வெளிநாட்டினருக்கான பல்கலைக்கழகங்கள் அவற்றை வழங்குகின்றன. ‘செ ஓ’ முதல் நிலையிலேயே வந்துவிடும், ‘வொர்ரெய்’யும் அப்படியே. ‘செ அவெஸ்ஸி’யைத் திடமாகப் பிடிப்பதற்கு பி1ஐத் தாண்ட வேண்டியிருக்கும்.

அதற்கு முன்பே பயன்படுத்தக்கூடிய அரைவாக்கியம் ஒன்று உண்டு: ‘மகாரி’. “மகாரி அவெஸ்ஸி இ சோல்தி!” பணம் மட்டும் இருந்தால்! மறுபக்கம் வராது, வரவும் வேண்டாம். “லாட்டரி விழுந்தா வீடு கட்டுவியா?” என்று கேட்டால், பதிலுக்கு வெறும் “மகாரி!” சந்தையில் மாட்டின் முதுகை ஒருமுறை தடவிவிட்டு, “ம்ம்… இருந்தா பரவாயில்லையே” என்று நகர்பவர் சொல்வதும் அதுதான்.